கடலை விளையாத கடலைத் திட்டம்

விவசாயப் பெருமக்களில் பலர் ஏதேனும் ஒரு புதிய திட்டத்தை மனத்தில் வைத்திருப்பீர்கள். ஆழ்துளைக் கிணறு போட்டு மானாவாரி நிலத்தை வாழைத் தோட்டம் ஆக்குவது, ஐந்து கறவை மாடுகள் வாங்கிப் பால் பண்ணை தொடங்குவது, பத்துப் பேர் கூடி எண்ணெய்ச் செக்கு நிறுவுவது என்று இவை பலவகைப்படும். இத்தகைய திட்டம் தோற்றால் ஏற்படும் இழப்பு, ஒரு பருவப் பயிர் பொய்ப்பதைப் போன்றதன்று. மழை இல்லாமல் போன ஆண்டை அடுத்த ஆண்டு ஈடு செய்துவிடலாம். கடன் வாங்கித் தொடங்கிய திட்டம் கவிழ்ந்தால் வீட்டிலுள்ள நகையும், சில வேளைகளில் நிலமும் கைவிட்டுப் போகும்.

'கையில் பணம் போதவில்லை, அதனால் தோற்றேன்' என்பதே நாம் அதிகம் கேட்கும் விளக்கம். பணம் ஒரு காரணந்தான். ஆனால் முதற்காரணம் அதுவன்று. பணத்துக்கும், இயந்திரத்துக்கும், படித்தவர்களுக்கும் குறைவில்லாத ஒரு பேரரசு நடத்திய கடலைத் திட்டம் எவ்வாறு கவிழ்ந்தது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். கடலை பயிரிட்டுப் பழகிய நீங்கள் அந்தக் கதையின் தவறுகளை எவரும் சொல்லாமலே கண்டுகொள்வீர்கள்.

32 லட்சம் ஏக்கர் கடலை

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது பிரிட்டனில் சமையல் எண்ணெய்க்கும் கொழுப்புப் பொருள்களுக்கும் கடும் பற்றாக்குறை. மக்களுக்குப் பங்கீட்டு முறையில்தான் இவை கிடைத்தன. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த தாங்கனீக்கா நாட்டில் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) ஆளில்லாத புதர்க்காடு பரந்து கிடக்கிறது, அதை வெட்டித் திருத்திக் கடலை விதைக்கலாம் என்று 1946-இல் ஒரு யோசனை எழுந்தது. யோசனை கூறியவர் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் தலைவர் ஃபிராங்க் சாமுவேல்.

இதனை ஆராய ஜான் வேக்ஃபீல்டு என்ற வேளாண் அதிகாரியின் தலைமையில் மூவர் கொண்ட குழு அனுப்பப்பட்டது. ஒன்பது வாரங்களில், பெரும்பாலும் விமானத்தில் பறந்தபடியே, இக்குழு நிலத்தைப் பார்வையிட்டு அறிக்கை தந்தது. ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 32 லட்சம் ஏக்கர் நிலம் திருத்தப்படும். செலவு சுமார் 2½ கோடி பவுண்டு. ஆண்டுக்கு 6 லட்சம் டன்னுக்குக் குறையாமல் கடலை கிடைக்கும். அறிக்கை சொன்னது இது. உணவு அமைச்சர் ஜான் ஸ்ட்ரேச்சி இதை முழு மனத்தோடு ஆதரித்தார். 1947-இன் தொடக்கத்தில் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள கோங்வா என்ற இடத்தில் வேலை தொடங்கிவிட்டது.

இந்த வேகத்தைக் கவனியுங்கள். கோங்வாவில் பல ஆண்டு மழை அளவு கணக்கு இல்லை. மண் முழுமையாகப் பரிசோதிக்கப்படவில்லை. சில நூறு ஏக்கரில் ஓரிரு ஆண்டுகள் பயிரிட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஏற்கப்படவில்லை. எண்ணெய் அவசரம், காத்திருக்க நேரமில்லை என்பதே வாதம்.

அப்பகுதியில் வாழ்ந்த கோகோ மக்கள் கம்பும் சோளமும் விதைத்து, மாடு மேய்த்து வந்தவர்கள். வறட்சியையும் பஞ்சத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள். ஒரு நிலத்தில் காலங்காலமாகக் கம்பும் சோளமும் மட்டுமே நிற்கின்றன என்றால், அந்த நிலத்தின் மழையைப் பற்றி அதுவே ஒரு சான்றிதழ். நம் ஊர்க் கரிசலிலோ செம்மண்ணிலோ நிலம் வாங்குகிறவர், பக்கத்துக் காட்டில் என்ன பயிர் நிற்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பாரா?

இயந்திரம் வந்தது, உதிரி வரவில்லை

காட்டை வெட்ட டிராக்டர்கள் வேண்டும். போர் முடிந்த காலமாதலால் புதியவை கிடைக்கவில்லை. அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸ் தீவுகளில் விட்டுச்சென்ற பழைய டிராக்டர்களும் புல்டோசர்களும் வாங்கப்பட்டன. போர் டாங்கிகளைக்கூட டிராக்டர்களாக மாற்றி அனுப்பினார்கள். இவை வந்திறங்கிய தாருஸ்ஸலாம் துறைமுகமோ இவ்வளவு சரக்கைத் தாங்கும் அளவினதன்று. அங்கிருந்து உள்நாட்டுக்குச் செல்ல ஒற்றை இருப்புப்பாதை. அதுவும் வெள்ளத்தில் அரித்துப்போவது உண்டு.

வந்து சேர்ந்த இயந்திரங்களை ஓட்டியவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. பழுதுபார்க்கும் பட்டறை, உதிரிப் பாகம் இரண்டுமே பின்தங்கிவிட்டன. முதல் ஆண்டு முடிவதற்குள் டிராக்டர்களில் பாதிக்கு மேல் பயன்படாமல் நின்றன. இயந்திரம் வாங்குவது ஒரு நாள் வேலை, அதை ஓடவைப்பது ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. திட்டத்தில் முதலாவதற்குத்தான் பணம் ஒதுக்கினார்கள்.

காடும் எளிதில் இடம் கொடுக்கவில்லை. மேலே நின்ற புதரைத் தள்ளிவிடலாம். மண்ணுக்குள் பின்னிக் கிடந்த வேரை என்ன செய்வது? கப்பல் நங்கூரச் சங்கிலியை இரண்டு டிராக்டர்களுக்கு இடையே கட்டி இழுத்து மரங்களைச் சாய்த்தார்கள். இது நல்ல உபாயந்தான். ஆனால் வேரை அறுக்க இறக்கிய கொழுக்களைக் கோங்வா மண்ணே தேய்த்துத் தின்றது. அம்மண்ணில் கூரிய படிக மணல் கலந்திருந்தது.

முதல் ஆண்டு இலக்கு 1,50,000 ஏக்கர். விதைக்க முடிந்தது ஏறத்தாழ 7,500 ஏக்கர்.

மண் சொன்ன பதில்

உழவியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். நிலக்கடலை பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூ கருவுற்றபின் ஊசி போன்ற விழுது கீழ்நோக்கி வளர்ந்து மண்ணில் இறங்கினால்தான் காய் பிடிக்கும். மேல்மண் இறுகியிருந்தால் விழுது இறங்காது. காய் முற்றியபின் மண் காய்ந்து இறுகினாலும் தொல்லை. செடியைப் பிடுங்கினால் கொடி கையோடு வரும், காய் மண்ணிலேயே தங்கிவிடும். செம்மண்ணில் மானாவாரி மல்லாட்டை போடுகிறவர்கள் அறுவடைக்கு முன் ஒரு மழைக்காக வானத்தைப் பார்ப்பது இதனால்தான்.

கோங்வாவின் செந்நிற மண் களி கலந்தது. மழைக்காலம் முடிந்ததும் அது சிமென்டுத் தளம் போல் இறுகியது. கடலைக்கு வேண்டியது பொலபொலப்பான மண் என்பது, ஓர் ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கும் தெரிந்த செய்தி. 1949-இல் வறட்சியும் சேர்ந்துகொண்டது. கடலைக்குத் துணையாக விதைத்த சூரியகாந்தியும் வெயிலில் கருகியது. இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் கிடைத்த கடலை ஏறத்தாழ 2,000 டன்.

1951 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. வரி செலுத்தும் மக்களுக்கு நேர்ந்த இழப்பு சுமார் 3 கோடியே 60 லட்சம் பவுண்டு. தெற்கே இத்திட்டத்திற்காகவே புதிய துறைமுகமும் இருப்புப்பாதையும் அமைத்திருந்தார்கள். ஏற்றிச் செல்லக் கடலை இல்லாததால் அந்த இருப்புப்பாதை 1960-களில் மூடப்பட்டது. கோங்வா நிலத்தில் பிறகு கால்நடைப் பண்ணை ஏற்பட்டது. கோகோ மக்கள் முன்பே செய்துவந்தது அதுதான்!

தோல்வி எப்போது தொடங்கியது?

மழை பொய்த்த 1949-இல் அன்று. டிராக்டர் பழுதான 1947-இலும் அன்று. 1946-இல், சோதித்துப் பார்க்காத ஒரு கணக்கை உறுதியான கணக்காக எடுத்துக்கொண்ட அன்றே தோல்வி தொடங்கிவிட்டது. பின்னால் வந்தவை அதன் விளைவுகள்.

ஒரு புதிய பயிர் இரகம் உங்கள் கைக்கு வருமுன் ஆராய்ச்சி நிலையத்தில் பல பருவங்களும், பிறகு பல ஊர்களிலும், அதன்பின் விவசாயிகளின் சொந்த வயல்களிலும் சோதிக்கப்படுகிறது. விதைக்குக் காட்டும் இந்தப் பொறுமையை, விதையைவிடப் பல மடங்கு பணம் விழுங்கும் திட்டங்களுக்கு நாம் காட்டுவதில்லை என்பது என் கருத்து. விருந்துக்குப் போன ஊரில் ஒருவர் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, மறு வாரமே போர்வெல் வண்டிக்குச் சொல்லியனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

திட்ட மேலாளர் என்றால் பெரிய அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் என்று நினைக்க வேண்டாம். உங்கள் நான்கு ஏக்கரில் நிலத்தைத் தேர்வதும், கடன் கேட்பதும், ஆள் வைப்பதும், விற்பதும் நீங்கள். அந்த மேலாளர் செய்ய வேண்டியதை இனி ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

மூன்று ஏக்கர் வாழை: ஒரு கணக்கு

மானாவாரிக் கடலை போட்டு வந்த ஒருவர், ஆழ்துளைக் கிணறும் சொட்டு நீர்ப் பாசனமும் அமைத்து மூன்று ஏக்கரில் வாழை நட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 கன்றுகள், மூன்று ஏக்கருக்கு 3,600. கோடையில் வளர்ந்த வாழை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று கொண்டால், நாள்தோறும் 72,000 லிட்டர் வேண்டும்.

இப்போது கிணற்றைக் கேளுங்கள். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாயடியில் வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர்; ஆறு மணி நேரத்தில் மூன்று ஏக்கரும் நனைந்துவிடும். நவம்பரில் மழை பெய்து முடிந்தபின் அளந்தால் பெரும்பாலும் இத்தகைய விடைதான் வரும். மனம் குளிரும். அதே பீப்பாய் மே மாதத்தில் நிரம்ப நான்கு நிமிடம் ஆனால் மணிக்கு 3,000 லிட்டர்தான். 72,000 லிட்டருக்கு 24 மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். மும்முனை மின்சாரம் அத்தனை மணி நேரம் வராது. வந்தாலும் கிணறு தாங்காது. ஒரு ஏக்கர் மட்டும் என்றால் 24,000 லிட்டர், எட்டு மணி நேரம். இது நடக்கக் கூடியது.

ஆகவே இக்கிணற்றின் திட்டம் மூன்று ஏக்கர் வாழையன்று. ஒரு ஏக்கர் வாழையும், இரண்டு ஏக்கர் மானாவாரியும். ஒரு பீப்பாயும் ஒரு கைக்கடிகாரமும் இதைச் சொல்லிவிடுகின்றன. கோங்வாவில் ஒன்பது வாரம் பறந்தவர்களுக்கு இத்தகைய பதில் கிடைக்கவில்லை. கிணறு இன்னும் போடவில்லை என்றால், சுற்றியுள்ள ஐந்தாறு கிணறுகளில் சித்திரை வைகாசி மாதங்களில் எவ்வளவு ஓடுகிறது என்று சென்று பாருங்கள். 'நன்றாக ஓடுகிறது' என்ற வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். வட்டாட்சியர் அலுவலக மழைமானிப் பதிவில் பத்து ஆண்டு அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சராசரியைவிட, மிகக் குறைந்த இரண்டு ஆண்டுகளைப் பார்த்தே திட்டம் போட வேண்டும். சராசரி மழை என்பது ஏட்டில்தான் பெய்யும்.

மகசூலுக்கும் இதே முறைதான். உங்கள் பகுதியில் சிறந்த விவசாயி எடுத்த தார் எடையையும், சந்தையில் ஒரு நாள் நிலவிய உச்ச விலையையும் பெருக்கி வருமானம் எழுதினால், கடனை அடைக்க முடியாத ஆண்டு உறுதியாக வரும். நடுத்தர மகசூல், அறுவடைக் கால விலை இவற்றை எழுதுங்கள். அப்படி எழுதியும் தவணை கட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வாழை வருமானம் கைக்கு வர ஓராண்டுக்கு மேலாகும். மூன்றாம் மாதமே தவணை தொடங்கும் கடன் இப்பயிருக்குப் பொருந்தாது. அறுவடைக்குப் பின் தவணை வருமாறு வங்கியில் கடன் பெறும்போதே பேசி எழுதிக்கொள்ளல் வேண்டும். மானியம் வரும் என்பதால் அத்தொகையை இன்ன மாதத்துச் செலவுக்கு என்று ஒதுக்கி வைக்காதீர்கள். மானியம் வந்த பின்பே வரவு.

யார் பழுது பார்ப்பது?

சொட்டு நீர்க் குழாய் பதித்த ஆண்டு நன்றாக இருக்கும். உப்புத் தண்ணீரில் இரண்டாம் ஆண்டே துளைகள் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியை வாரந்தோறும் கழுவுவது யார், அமிலம் கொடுத்து அடைப்பை நீக்கத் தெரிந்தவர் யார்? நீர்மூழ்கி மோட்டார் மே மாதத்தில் எரிந்துபோனால் வெளியே எடுத்துக் காயில் கட்டித் திரும்ப இறக்க எத்தனை நாள்? அதுவரை வாழைக்குத் தண்ணீர் எங்கிருந்து? இக்கேள்விகளுக்குப் பெயரும் நாளும் போட்டுப் பதில் எழுத முடியாவிட்டால், திட்டம் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். மதிப்பிட்ட செலவின் மேல் நான்கில் ஒரு பங்கு தொகையைப் பழுதுக்கும் தாமதத்துக்கும் தனியே வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

எங்கே நிறுத்துவது?

கோங்வாவில் முதல் ஆண்டே இலக்கில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் நிறைவேறியது. அன்றே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அதுவரை செலவிட்டது வீணாகுமே என்று மேலும் செலவிட்டார்கள். இலண்டனில் அமைச்சர் திட்டத்தை ஆதரித்து வாதாடிக் கொண்டிருந்தபோது, களத்திலிருந்து கெட்ட செய்தி சொல்வது எவருக்கும் எளிதாக இருக்கவில்லை.

இது நம் ஊரிலும் நடப்பதுதான். போர்வெல் வண்டி இரவு முழுவதும் ஓடுகிறது. 500 அடி தாண்டியும் வெறும் புழுதி பறக்கிறது. "இன்னும் ஐம்பது அடி போங்க, ஊற்று வந்திரும்" என்று வண்டிக்காரர் சொல்கிறார். அவருக்கு அடிக்கு இவ்வளவு என்று கூலி. ஏற்கெனவே போட்ட பணம் கண்ணை உறுத்துகிறது. அந்த நேரத்தில் நிதானமாக முடிவெடுப்பது யாராலும் முடியாது. ஆகையால் முடிவை வண்டி வருமுன் எடுத்துவிட வேண்டும். சுற்றுப்புறக் கிணறுகளின் ஆழத்தைக் கேட்டறிந்து, 'இத்தனை அடிக்கு மேல் போவதில்லை' என்று நோட்டில் எழுதி, வீட்டாரிடம் காட்டிவிடுங்கள். தண்ணீர் வராத ஐம்பது அடிக்குச் செலவழிக்காத பணம், அடுத்த பருவக் கடலை விதைக்கு உதவும்.

கூட்டாகச் செய்யும் திட்டங்களில் இது இன்னும் கடினம். செக்கு வைத்த குழுவில் கணக்குக் கூட்டம் நடக்கும்போது எல்லோரும் 'நன்றாகப் போகிறது' என்றே சொல்வார்கள். பிண்ணாக்கு தேங்கிக் கிடப்பதைச் சொன்னால் மனக்கசப்பு வரும் என்று அஞ்சுவார்கள். தலைவராக இருப்பவர், இந்த மாதத்துத் தடங்கல் என்ன என்பதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு வரவு செலவைப் படிக்கச் சொல்லலாம். தடங்கலைச் சொன்னவரைக் கடிந்துகொண்டால் அடுத்த மாதம் அவர் வாய் திறக்கமாட்டார்.

கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலார் 2007-இல் எழுதிய ஒரு முறை நம் திண்ணைக்கும் ஏற்றது. திட்டம் தொடங்குமுன் வீட்டார் அனைவரும் உட்கார வேண்டும். ஓராண்டு கழிந்துவிட்டது, திட்டம் முற்றிலும் தோற்றுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அது எதனால் தோற்றது என்று ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும். 'தோற்குமா?' என்று கேட்டால் மரியாதைக்காகப் பேசாமலிருப்பவர்கள்கூட, 'தோற்றுவிட்டது, ஏன்?' என்று கேட்டால் பேசுவார்கள். ஆடிக் காற்றில் வாழை சாயும் என்று அப்பா சொல்வார். மாடு வாங்கினால் கோடையில் பசுந்தீவனம் யார் அறுத்துக்கொண்டு வருவது என்று அம்மா கேட்பார்; அந்த வேலை தன் தலையில்தான் விழும் என்பது அவருக்குத் தெரியும். வரப்போகும் தேர்வுக் கட்டணத்தை மகள் நினைவூட்டுவாள். ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் அதற்கு என்ன செய்வது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாத காரணம் இரண்டு மூன்று நின்றுவிட்டால் திட்டத்தைப் பாதியாகக் குறைக்கலாம், அல்லது ஒரு பருவம் தள்ளிப் போடலாம்.

பத்துச் சென்டில் ஒரு பருவம் நட்டுப் பார்ப்பதும், ஐந்து மாட்டுக்குப் பதில் ஒன்றை வாங்கி ஓராண்டு கறந்து பார்ப்பதும் காலத்தை வீணாக்குவதாகச் சிலருக்குத் தோன்றலாம். அந்தப் பத்துச் சென்டில் என்ன செலவாயிற்று, எத்தனை முறை தண்ணீர் கட்டினீர்கள், எந்த நாளில் விற்றீர்கள் என்பதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். வங்கியில் கடன் விண்ணப்பத்தோடு அந்த நோட்டையும் கொண்டுபோய்க் காட்டலாம். பீப்பாய் அளவை மட்டும் இந்த மே மாதத்திலேயே எடுத்துவிடுங்கள்.